ஒதுக்கி வைத்த இடம்



மாத்தளையில் என்னிடம் தமிழ் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் மனம் வாடிக் கேட்டாள்: "சேர், முகநூலில் நான் விரும்பிப் படிக்கும் கவிஞர் என் நட்பு அழைப்பை ஏற்கவே இல்லை. பின்தொடரத்தான் முடிகிறது. நான் அவருக்கு ஒரு பொருட்டே இல்லையா?"

முகநூலில் ஒருவருக்கு 5,000 நண்பர்கள் என்பது எல்லை. நட்புக்கு இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் பொதுவில் எழுதுவதைப் பின்தொடர, 2011இல் வந்த வசதிப்படி, நம் விருப்பமே போதும்.

அவளுக்குப் புறநானூற்றுப் பிசிராந்தையாரைச் சொன்னேன். பாண்டிநாட்டுப் புலவர் அவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனைக் கண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார் என்று தன்னருகே இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார். பழகாமலே வளரும் நட்புக்குப் பரிமேலழகர் இவர்களையே எடுத்துக்காட்டினார். இடம் ஒதுக்க ஒருவரும் வந்துசேர மற்றவரும் இருந்ததால் அது நட்பாயிற்று.

பின்தொடர்தல் வேறு. வாசகர் எழுத்தாளர்மேல் வைக்கும் மதிப்பு அது. பதிலுக்கு இடம் கேளாதது. அதில் சிறுமை இல்லை. இப்போது என் குரலை நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் நீங்கள் எனக்குப் பொருட்டில்லை என்றாகுமா?

"கவிஞரைத் தொடர்ந்து படி, பிள்ளை. உன் வாங்கில் பக்கத்தில் இருப்பவளுக்கும் மனதில் ஓர் இடம் ஒதுக்கி வை" என்றேன்.