ஒரே இடம், பத்து நோட்டு



உச்ச நீதிமன்றத்தின் 1991-ஆம் ஆண்டு ஆணையின் பயனாகச் சுற்றுச்சூழல் கல்வி பட்டப் படிப்பில் கட்டாயமாயிற்று. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 50 மணி நேரப் பாடத்தில் களப்பணிக்கு 5 மணி நேரம் இருந்தது. "அஞ்சு மணி நேரத்துல காட்டுல என்ன சார் பாக்குறது?" என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தரிசு. அப்படி எண்ணித்தான் விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்குமாகக் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். பக்கத்தில் போய்ப் புல்லுக்கடியில் கை வைத்துப் பாருங்கள். மழை ஓய்ந்த பின்னும் ஈரம் இருக்கும். அது கசிந்துதான் ஓடையாகிறது. ஓடைகள் சேர்ந்து பவானிக்குப் போகின்றன.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு பஸ்ஸும் மூன்று நாள் சாப்பாடும் நம் பொறுப்பாகட்டும். வனத்துறை அனுமதியோடு மாணவர்கள் ஒரே இடத்துக்குப் போகட்டும். அதே சதுர மீட்டரில் கயிறு கட்டி, புல் எத்தனை வகை, சீகைக் கன்று எத்தனை என்று எண்ணட்டும். நோட்டை அடுத்த செட்டிடம் ஒப்படைக்கட்டும். ஒரு வருஷத்து நோட்டு மார்க்குக்குத்தான் உதவும். பத்து வருஷத்து நோட்டு அந்தப் புல்வெளிக்காகச் சாட்சி சொல்லும்.