பேய்க்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசு, ஆனா யாரையும் தூங்க வெச்சிடாதே" என்பது சங்கச் செயலாளர் எனக்குப் போட்ட கட்டளை. தூக்கத்தை விரட்ட பேயைவிடச் சிறந்த தலைப்பு உண்டா? ஹாஸ்டலில் இப்போதும் லைட்டை அணைத்துவிட்டு, ஒரே கைப்பேசியைச் சுற்றி எட்டுப் பேர் படுத்துக்கொண்டு பேய்க்கதை கேட்கிறீர்களாம். கேளுங்கள். அப்புறம் பாத்ரூம் போக எட்டுப் பேரும் சேர்ந்து போகிறீர்களாம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காதால் கேட்கும் பேய்க்கதை ஒன்றும் புது விஷயமில்லை. 1934-ல் சிகாகோ வானொலியில் வில்லிஸ் கூப்பர் என்பவர் ‘லைட்ஸ் அவுட்’ என்ற திகில் நாடக வரிசையைத் தொடங்கினார். நேரம் நள்ளிரவு. பெயரிலேயே கட்டளை இருக்கிறது: விளக்கை அணை! 1936-ல் ஆர்ச் ஓபோலர் பொறுப்பேற்றார். 1943-ல் பி.பி.சி. இதே மாதிரி ஒரு திகில் வரிசையை ஆரம்பித்தது. அதில் வேலன்டைன் டயால் என்ற நடிகரின் கனத்த குரலுக்கே ஒரு தலைமுறை பயந்து நடுங்கியது.

‘லைட்ஸ் அவுட்’ சத்தங்களை எப்படி உண்டாக்கினார்கள் தெரியுமா? மின்சார நாற்காலியில் ஒருவன் துடிப்பதற்கு, வாணலியில் பன்றி இறைச்சி வறுபடும் சத்தம். ஒரு மனிதன் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டப்படுவதற்கு, நனைத்த ரப்பர் கையுறையைத் திருப்பிக்கொண்டே பக்கத்தில் ஒரு பழக்கூடையை நொறுக்கினார்கள். மைக் முன்னால் இருந்தது கையுறையும் கூடையும்தான். மீதி எல்லாவற்றையும் கேட்டவரின் மூளையே செய்துகொண்டது, அதுவும் சம்பளம் வாங்காமல்!

இந்த மூளை இருக்கிறதே, அது சும்மா இருக்காது. ரயிலில் போகும்போது சக்கரச் சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் எந்தப் பெயரை நினைக்கிறீர்களோ, அந்தப் பெயரையே அது திரும்பத் திரும்பச் சொல்லும். 1959-ல் ஸ்வீடனில் ஃப்ரீட்ரிக் யூர்கென்சன் என்பவர் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்தார். நாடாவைத் திரும்பப் போட்டால் மனிதக் குரல் கேட்கிறது என்றார். பிறகு லாட்வியாவில் பிறந்த கான்ஸ்டான்டின் ராடிவ் அந்த மாதிரி ஆயிரக்கணக்கான ‘ஆவிக் குரல்களை’ப் பதிவு செய்து புத்தகமே எழுதினார். இரைச்சலுக்குள் என்ன வார்த்தை இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டால், அடுத்த தடவை அந்த வார்த்தை நமக்கும் கேட்கும். நாடா மாறவில்லை, நம் காதுதான் மாறிவிட்டது.

சரி, கதை சொல்ல ஆளில்லை, ரேடியோ இல்லை, கைப்பேசியும் இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால்? மெக்கானிக்கல் தம்பிகளே, இனிமேல்தான் உங்கள் பாடம்.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்று ஓர் எஞ்சினியர். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு. ஒரு நாள் காலை, கூட்டிப் பெருக்கும் அம்மா அரண்டுபோய் வெளியே வந்தார், எதையோ பார்த்துவிட்டதாக. டாண்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் ஓர் இரவு அவரே தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். உடம்பு வியர்த்தது, ஆனால் குளிர்ந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். துணிச்சலை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மறைந்துவிட்டது. மனிதர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

டாண்டிக்கு வாள் சண்டைப் போட்டியில் ஆர்வம். மறுநாள் தன் மெல்லிய வாளின் அடிப்பகுதியில் மரை வெட்டுவதற்காக அதை அதே ஆய்வுக்கூடத்தில் வைஸில் பிடித்துவிட்டு, எண்ணெய் தேடப் போனார். திரும்பி வந்தால் வாளின் நுனி தானாக மேலும் கீழும் துடிக்கிறது! நீங்களும் நானும் இருந்தால் அன்றைக்கே ராஜினாமா. டாண்டி எஞ்சினியர் அல்லவா? எங்கிருந்தோ சக்தி வராமல் ஒரு பொருள் ஆடாது என்று யோசித்தார். வைஸைத் தரையில் வைத்து அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நகர்த்திப் பார்த்தார். நடுவில், அவருடைய மேஜைக்குப் பக்கத்தில், துடிப்பு மிக அதிகம். இரண்டு கோடியிலும் அடங்கிவிட்டது.

கணக்குப் போடுங்கள். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதிர்வெண் ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ். அலைநீளம் 18 மீட்டர், அதில் பாதி 9 மீட்டர், அதாவது 30 அடி. அந்த ஆய்வுக்கூடத்தின் நீளமும் சுமார் 30 அடி! இரண்டு சுவர்களுக்கும் நடுவே பாதி அலை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இதைத்தான் நிலை அலை என்று நமக்கு முதலாண்டு ஃபிசிக்ஸில் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் பரீட்சையோடு மறந்தோம். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகக் கேட்காது. கேட்காத சத்தம், ஆனால் உடம்பை ஆட்டுகிறது. அதற்குக் காரணம் புதிதாகப் போட்ட ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அதைப் பொருத்தியிருந்த விதத்தை மாற்றியதும் அலை போய்விட்டது. டாண்டி, டோனி லாரன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1998-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதோடு முடித்தால் எல்லாரும் கைதட்டுவீர்கள். ஆனால் நியாயமாக மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 2003-ல் லண்டனில் ஒரு கச்சேரி வைத்து, சில பாடல்களுக்கு இடையே 17 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கலந்தார்கள். அப்போது கேட்டவர்களில் கொஞ்சம் பேருக்கு இனம் புரியாத கலக்கம். 2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், செயற்கையாக ஒரு ‘பேய் அறை’ கட்டி 79 பேரைத் தனித்தனியாக உள்ளே அனுப்பினார்கள். பலருக்கு வினோத அனுபவம் ஏற்பட்டது. ஆனால் அதிர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்பட்டது! "ஏதாவது தோன்றலாம்" என்று முன்கூட்டியே சொன்னதுதான் வேலை செய்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே எல்லாப் பேய்க்கும் 19 ஹெர்ட்ஸ் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இதையெல்லாம் வேடிக்கைக் கதையாக மட்டும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1912-ல் ஒரு குடும்பம் பழைய பெரிய வீட்டுக்குக் குடி போனது. மாடியில் காலடிச் சத்தம், ராத்திரியில் மணிச் சத்தம், கட்டில் ஓரத்தில் யாரோ நிற்கும் உருவம். குழந்தைகள் வெளுத்துப் போனார்கள். எல்லாருக்கும் தலைவலி. வீட்டிலிருந்த செடிகள்கூடப் பட்டுப்போயின. உறவினர் ஒருவர் சந்தேகப்பட்டுச் சோதிக்கச் சொன்னார். பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, அதன் புகை புகைபோக்கி வழியாகப் போகாமல் வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு! நிறமில்லை, வாசனையில்லை. வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-ல் ஒரு மருத்துவ இதழில் இதை எழுதினார். அந்தக் குடும்பம் மந்திரவாதியைத் தேடிப் போயிருந்தால், அவர் வந்து சேர்வதற்குள் வீட்டில் யாரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். நம் மலை ஊர்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிச் செய்தி படிக்கிறோமே, அதே வாயுதான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், புளோயர் அறைக்குப் பக்கத்துப் பாதையில் நைட் ஷிஃப்ட் ஆட்கள் தனியாகப் போக மாட்டார்கள். "பின்னாடி யாரோ வர்றாங்க சார், நெஞ்சை அடைக்குது" என்பார்கள். நிர்வாகம் அதற்கு வைத்த பெயர் ‘வேலைக்கு டிமிக்கி’. நானும் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவரும் வைப்ரேஷன் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி போனோம். புளோயரின் அடித்தள போல்ட்டுகள் இரண்டு தளர்ந்திருந்தன. முறுக்கினோம், டியூப்லைட் ஒன்றும் மாட்டினோம். பிறகு புகார் வரவில்லை. பேயை ஓட்டியது போல்ட்டா, டியூப்லைட்டா, "நாம சொன்னதை ஒருத்தர் காது குடுத்துக் கேட்டார்" என்கிற தெம்பா? சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த போல்ட்டுகள் அப்படியே கிடந்திருந்தால் என்றாவது ஒரு நாள் புளோயரே கழன்று யார் மேலாவது விழுந்திருக்கும். அது மட்டும் நிச்சயம்.

டாண்டி கதையில் எனக்குப் பிடித்தது வாள் அல்ல. கூட்டிப் பெருக்கும் அம்மா சொன்னது மெய்தான் என்று கடைசியில் தெரிந்ததே, அதுதான். அவர் சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம், உணர்ந்தது பொய்யில்லை. பயந்தவர்களின் பேச்சும் ஒரு மீட்டர் ரீடிங்தான். வீட்டில் பாட்டியோ, ஹாஸ்டலில் ஜூனியரோ, சைட்டில் வாட்ச்மேனோ "அங்க என்னமோ இருக்கு" என்றால் சிரிக்காதீர்கள். உடனே கற்பூரமும் கொளுத்தாதீர்கள். எந்த இடம், எந்த நேரம், எந்த மெஷின் ஓடும்போது, வேறு யாருக்கு அப்படித் தோன்றியது, தலைவலி உண்டா என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேனையும் அடுப்பையும் ஒயரிங்கையும் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் பிடிபடாவிட்டால், பிடிபடவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதுவும் எஞ்சினியரிங்தான்.

பேய்க்கதை கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சுகம் அது. கேட்டு முடித்ததும் எட்டுப் பேரும் சேர்ந்தே பாத்ரூம் போங்கள். அந்த நட்புதான் பதினைந்து வருஷம் கழித்து எங்களை மறுபடி இங்கே இழுத்து வந்திருக்கிறது.