கூடி நின்ற மணல்

(குடமுழுக்கு விழாவின் மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று காலை யாகசாலையிலிருந்து புனிதநீர்க் குடங்கள் புறப்பட்டபோது, ஒன்றைக் கண்டு உள்ளம் உருகி நின்றேன். சென்ற குடமுழுக்கின்போது தாயின் இடுப்பில் அமர்ந்து கலசத்தைக் கைநீட்டிக் காட்டிய பிள்ளைகள், இன்று வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். அன்று தோரணம் கட்டியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு ஆற்றுக என்று பெரியோர் வகுத்ததில், அட்டபந்தனம் புதுப்பித்தலோடு, குடும்பங்களும் தம்மை ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற கருணையும் அடங்கியிருக்கிறதோ என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

'குடும்பமும் கோயிற் கூட்டமும்' என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இப்பொருளுக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வடக்கே திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். நாளுக்கு ஒரு கன்னியாக ஓராண்டில் முந்நூற்றறுபது கன்னியரை அப்பெருமான் மணந்தார் என்பது தலவரலாறு. மணமாகாதோர் அங்கே மாலை பெற்று வலம் வருகின்றனர். மணம் முடிந்த பின் அந்த வாடிய மாலையுடன் துணையோடு மீண்டும் வருகின்றனர். மேற்கே திருக்கழுக்குன்றத்தில், குரு கன்னி ராசியில் புகும் காலத்துச் சங்கு தீர்த்தத்தில் புஷ்கர மேளா நிகழ்கிறது. 2016ஆம் ஆண்டு அங்கே நீராடிய கூட்டத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அந்தத் திருக்குளக்கரையில் நம் குடும்பங்கள் தம் வயதைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுகின்றன.

ஆயினும், இப்பொருளின் உண்மையை அடியேன் கற்றது எந்தத் திருக்கோயிலின் உள்ளேயும் அன்று. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் கற்றேன். கற்பித்தவர்கள் இருளர் பெருமக்கள். அதைச் சொல்லுமுன் என் குறை ஒன்றையும் இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடியேன் பிறந்தது அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். 1974ஆம் ஆண்டு வேலை நிமித்தமாகக் கல்பாக்கம் வந்தேன். அப்போது இங்கே அணுமின் நிலையம் கட்டப்பட்டு வந்தது. 1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதன் முதல் அலகு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். பல மாநிலத்தார் ஒரே தெருவில் வாழ்ந்தோம். நல்ல அண்டை அயலார் வாய்த்தனர். ஆனால் உற்றார் உறவினர் தொலைவில் இருந்தனர். தொலைவு வளர்ந்தால் பேச்சுக் குறையும். பேச்சுக் குறைந்தால் ஐயம் வளரும். எங்கள் பூர்விக வீட்டையும் கிணற்றையும் பங்கிடுவதில் எனக்கும் என் தமையனாருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. பதினோராண்டுகள் நாங்கள் பேசவில்லை. அவர் பேரனின் காதணி விழாவுக்கு நான் போகவில்லை. என் மகனின் பூணூல் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. 1996இல் என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழில் அவர் பெயரை விட்டுவிட்டே அச்சுக்குக் கொடுக்க எழுதி வைத்திருந்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் வைதிருந்தாற்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அவ்வாண்டு மாசி மகத்துக்கு நாங்கள் இருவரும் மாமல்லபுரம் சென்றோம். தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளும் நாள் அது. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லை அத்தலம். அரவணையை விடுத்துத் தரையிலே பள்ளிகொண்ட பெருமான் அங்கே இருக்கிறார். தீர்த்தவாரியைக் காண விரைந்த நாங்கள், மணலில் நூற்றுக்கணக்கான சிறு குடில்களைக் கடந்து செல்ல நேர்ந்தது. நான்கு கழிகளை நட்டுப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிய குடில்கள் அவை. செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் முதலிய பகுதிகளிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கியிருந்தனர். கன்னியம்மன் கடலில் உறைகிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவளைக் காண மாசிப் பௌர்ணமியில் கரைக்கு வருவது தலைமுறை தலைமுறையான வழக்கம். கதிரவன் எழும் வேளையில் கடலை நோக்கி மணலாற் படிகள் அமைத்து, பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்து வழிபட்டனர்.

அதன் பின் நடந்தவையே என்னை நிறுத்தின. ஓரிடத்தில் குழந்தைக்கு முடி இறக்கினர். அடுத்த குடிலில் காது குத்தினர். சற்றுத் தள்ளி ஒரு நிச்சயதாம்பூலம். அலை வந்து தொடும் ஓரத்தில் ஒரு திருமணம். பந்தல் இல்லை, மேளக் கச்சேரி இல்லை, வரிசைத் தட்டு இல்லை. சுற்றி நின்ற சனமே பந்தலாக இருந்தது. ஒரு குடிலின் முன் முதியவர்கள் வட்டமாக அமர்ந்து இரண்டு சகோதரர்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தனர். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

வழக்கு முடிந்தபின் அம்முதியவரிடம், "விழா நாளில் வழக்கும் பேசுவீர்களா?" என்று வினவினேன். அவர் சொன்னார்: "நாங்க செதறிக் கெடக்கிற சனங்க, ஐயா. ஏரிக்கரையில ஒரு குடும்பம், தோப்புல ஒரு குடும்பம். எல்லாரும் ஒண்ணாக் கூடுறது ஆத்தா முன்னால இந்த ஒரு நாளுதான். இன்னைக்கே தீத்துக்கணும். அடுத்த மாசிக்கு யாரு இருப்பாங்களோ!"

அன்பர்களே! வேதமும் பிரபந்தமும் கேட்டு வளர்ந்த செவிகள் இவை. ஆயினும் அந்தச் சொல்லைப் போல் எதுவும் என்னைத் தைத்ததில்லை. அதுவரை நான் ஆண்டுதோறும் தீர்த்தவாரிக்குப் போய்த் தலையில் நீர் தெளித்துக்கொண்டு வந்தேனேயன்றி, அக்கூட்டம் ஏன் கூடுகிறது என்று ஒரு நாளும் கேட்டறிந்தவனல்லன்.

அவர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிப் பாம்புத்தோல் வாணிகம் நின்றபோது, இருளர் பலர் பிழைப்பிழந்தனர். 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் அது பணியாற்றுகிறது. பாம்புகளைக் கொல்லாது நஞ்சை எடுத்துப் பின் காட்டில் விடுகின்றனர். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகள் அவர்களே அளித்து வந்தனர். 2023ஆம் ஆண்டு வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் வயலிலும் தோட்டத்திலும் உயிர் பிழைத்தவர் எத்தனையோ பேர் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்களை ஒருமுறையேனும் திண்ணையில் அமரச் சொல்லி உபசரித்தோமா என்று அன்றிரவு என் மனம் என்னைக் கேட்டது.

அடுத்த வாரமே ஊருக்குச் சென்றேன். தமையனார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாடா, சாப்பிட்டியா?" என்றார். பதினோராண்டுக் கதை அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. கிணற்றைப் பற்றி இருவருமே பேசவில்லை. அழைப்பிதழ் அவர் பெயரோடு அச்சாயிற்று. வைகாசியில் நடந்த திருமணத்தில், பெரியப்பாவின் மடியில் அமர்ந்தே என் மகள் தாலி ஏற்றாள். ஐப்பசியில் தமையனார் சிவபதம் அடைந்தார். அடுத்த மாசிக்கு அவர் இல்லை. அம்முதியவர் வாக்கு என் வீட்டிலேயே பலித்தது.

ஆகவே தானம் அளித்த சீலர்களுக்கு அடியேன் விண்ணப்பம் இரண்டு. நீங்கள் எழுப்பிய இம்மண்டபத்தில் வசதியற்ற குடும்பங்களின் காதணியும் திருமணமும் கட்டணமின்றி நடைபெற வழி செய்யுங்கள். கல்லில் பொறித்த பெயரை மழை அரிக்கலாம். இங்கே மணம் செய்த பெண் தன் பேத்தியிடம் சொல்லும் பெயரை எதுவும் அரிக்காது. ஏழை எவரும் தயங்கி வாயிலில் நிற்காதபடி, அவர்களை அழைத்து அமர்த்துங்கள்.

இரண்டாவது, எல்லோருக்கும் உரியது. இன்று தொடங்கி நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசை நடைபெறும். பேசாதிருக்கும் உறவு ஒன்று இல்லாத வீடு அரிது. அந்த ஒருவரை இந்த நாற்பத்தெட்டு நாட்களுக்குள் ஒரு நாள் இச்சந்நிதிக்கு அழைத்து வாருங்கள். வழக்கைப் பேச வேண்டியதில்லை. அருகில் நின்று தீபாராதனை கண்டால் போதும். அடுத்த குடமுழுக்குக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டு உண்டு. அன்று யார் இருப்பார், யார் இரார் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். இருக்கும்போதே கூடி நிற்போம்.

அனைவர்க்கும் திருவருள் சுரக்க!