வால்வு ஆம்பிளிபையரை எடைக்குப் போடாதீர்



ஒரு காலத்தில் திருவிழாப் பாடல்களையும் அறிவிப்புகளையும் லயங்கள்தோறும் ஒலிக்கச் செய்த ஆம்பிளிபையர், இன்று உங்கள் கோயிலின் சாமான் அறையில் தூசி படிந்து கிடக்கலாம். நம் மூத்தோர் காசு சேர்த்து வாங்கிய கருவியாகவும் அது இருக்கலாம். பழைய இரும்பென்று எடைக்குப் போடுமுன் அது இன்னதென அறிந்துகொள்ளுங்கள்.

மின்னிணைப்புக் கொடுக்காமல், மூடியின் துளைகள் வழியே உள்ளே நோக்குங்கள். கண்ணாடிக் குழல்கள் தென்பட்டால் அது வால்வுக் கருவி. கண்ணாடிமேல் அச்சிட்ட எழுத்துகளே அதன் அடையாளம். இசிசி 83 என்பது ஒலிவாங்கியின் மெல்லொலியை முதலில் பெருக்கும் சிறு வால்வு. அமெரிக்கர் அதனை 12ஏஎக்ஸ்7 என்பர். இஎல் 34, இஎல் 84 ஆகியவை ஒலிபெருக்கியை இயக்கும் வலிமை தருபவை. ஜிஇசட் 34 மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது. எழுத்துகளைத் துடைக்காதீர்கள், எளிதில் அழிந்துவிடும்.

பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகள் இருப்பின், அதற்கேற்ற ஓம் அளவுள்ள ஒலிபெருக்கிப் பெட்டியை இணைக்கலாம். 100 வோல்ட் முனையோ, நெடுந்தொலைவிலுள்ள கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு உரியது. அதில் வீட்டுப் பெட்டியை நேரே மாட்டலாகாது.

இனிக் கூறுவது உயிர் காக்கும் செய்தி. இக்கருவிகளுள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருப்பதுண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அது மின்தேக்கிகளில் தங்கி நிற்கும். ஆளைக் கொல்லவும் கூடும். ஆதலால், மூடியைத் திறக்கும் பணியை வால்வு வேலை அறிந்த வானொலிப் பழுதுபார்ப்பவரிடமே விடுங்கள்.

பல்லாண்டு உறங்கிய கருவிக்குத் திடீரென மின்சாரம் பாய்ச்சினால் மின்தேக்கி வெடிக்கலாம்; மின்மாற்றி கருகலாம். பழைய மின்தேக்கிகளை மாற்றுதல், நிலத்தொடர்புள்ள மூன்று கம்பி இணைப்பைப் பொருத்துதல், நம் நாட்டு 230 வோல்ட்டுக்குக் கருவி ஏற்றதா எனச் சோதித்தல் ஆகிய மூன்றும் முதலில் நடைபெற வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள்.

செப்பனிட்ட கருவி கோயில் மண்டபத்தில் பஜனைக்கு உதவும். இளைஞர்களின் கித்தாருக்கும் ஏற்றவாறு அதனை மாற்றியமைக்கலாம். இஎல் 34, இசிசி 83 வால்வுகள் இன்றும் வெளிநாடுகளில் தயாராகின்றன. ஆகவே பழையன பழுதானாலும் புதியன கிடைக்கும்.

மூத்தோர் விட்டுச்சென்ற குரல் அது. அதனை அறிவோடும் எச்சரிக்கையோடும் மீண்டும் பேச வைப்போம்.