நல்லவர் என்ற பெயர் போதுமா?

(பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் ஒருவர் இயேசுவிடம் ஓடி வருகிறார். வழியில், எல்லாரும் பார்க்க, அவர் முன் முழந்தாள்படியிடுகிறார். நிலைவாழ்வை உரிமையாக்கிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். மாற்கு இவருடைய பெயரைச் சொல்லவில்லை. இவர் இளைஞர் என்று மத்தேயு சொல்கிறார். தலைவர் என்று லூக்கா சொல்கிறார். ஏராளமான சொத்து உடையவர் என்பதில் மூவரும் ஒத்துப்போகிறார்கள்.

இயேசுவிடம் வந்தவர்களில் பலர் நோயோடு வந்தார்கள், பசியோடு வந்தார்கள், பாவச்சுமையோடு வந்தார்கள். இவரோ கட்டளைகளைச் சிறு வயது முதல் கடைப்பிடித்து வந்தவர். அப்படி அவர் சொன்னபோது இயேசு அதை மறுக்கவில்லை. அவரைக் கூர்ந்து நோக்கி, அவர்மேல் அன்புகொண்டார் என்று மாற்கு மட்டும் குறிப்பிடுகிறார். எனவே நம் முன் நிற்பவர் வெளிவேடக்காரர் அல்ல, உண்மையிலேயே நல்லவர். நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது இப்படி ஒருவர் கிடைக்கமாட்டாரா என்றுதான் நாம் ஏங்குவோம்.

அப்படிப்பட்டவர் முகம் வாடித் திரும்பிப் போகிறார். ஏன்?

இயேசு அவருக்கு நினைவூட்டிய கட்டளைகளைக் கவனிப்போம். கொலை, விபசாரம், களவு, பொய்ச்சான்று, வஞ்சகம், பெற்றோரை மதித்தல். இவை அனைத்தும் அடுத்தவரோடு நமக்குள்ள உறவைப் பற்றியவை. கடவுளை எல்லாவற்றிற்கும் மேலாக அன்பு செய்வதைப் பற்றிய முதல் கட்டளைகளை இயேசு அங்கே சொல்லவில்லை. அவற்றின் இடத்தில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வரும்படி அழைக்கிறார். அந்த மனிதரிடம் குறைவாயிருந்தது இதுதான். அவர் செய்யவேண்டிய நல்ல காரியங்களின் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள இயேசு சொல்லவில்லை. தம்மையே பற்றிக்கொள்ளச் சொன்னார். அவரோ எதைச் செய்வது என்று கேட்டு வந்தவர். யாரைப் பின்தொடர்வது என்ற பதில் கிடைத்தபோது அதை ஏற்கும் துணிவு அவருக்கு இல்லை.

அன்புக்குரியவர்களே, இன்று நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. “நான் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன். அப்புறம் பூசைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?” வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தொலைபேசியில் இப்படிச் சொல்லும்போது பெற்றோர் பதில் தெரியாமல் திகைக்கிறோம். சில நேரங்களில் நாமே இப்படி நினைத்துக்கொள்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் சென்று, “பெரிய பாவம் ஒன்றும் இல்லை, சாமி” என்று நம்முடைய நற்சான்றிதழை வாசித்துவிட்டு வருவதும் உண்டு.

இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. திருப்பலிக்குத் தவறாமல் வந்துவிட்டு, வேலைக்காரருக்குக் கூலி கொடுக்க இழுத்தடிப்பவரைக் காட்டிலும், கோவில் வாசலை மிதிக்காமல் நேர்மையாக வாழ்பவர் மேல் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. நம் தெருவிலேயே கிறிஸ்துவை அறியாத எத்தனையோ பேர் நம்மைவிடப் பொறுமையாகவும் இரக்கத்தோடும் வாழ்கிறார்கள். அவர்களைத் தாழ்த்திப் பேச நமக்கு எந்த உரிமையும் இல்லை. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்வோர் மீட்படைய முடியும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கற்பித்தது. அதே ஏட்டில், திருஅவைக்குள் இருந்தும் அன்பில் நிலைத்திராதவர் மீட்படைவதில்லை என்றும் சங்கம் எச்சரித்தது. முதலாவது நம் அயலாரைப் பற்றியது. இரண்டாவது நம்மைப் பற்றியது.

ஆனால் நாம் கிறிஸ்துவை அறிந்தவர்கள். திருமுழுக்கில் அவர் பெயரால் அழைக்கப்பட்டவர்கள். அறிந்த பிறகும், “நல்லவனாக இருந்தால் போதும், அவர் வேண்டாம்” என்று சொல்வது வேறு காரியம். திருத்தந்தை பிரான்சிஸ், தாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள், 2013 மார்ச் 14 அன்று, கர்தினால்களோடு நிறைவேற்றிய திருப்பலியில் இதையே நினைவூட்டினார். இயேசு கிறிஸ்துவை அறிக்கையிடாவிட்டால் நாம் இரக்கச் செயல்கள் செய்யும் ஒரு தொண்டு நிறுவனமாக இருக்கலாம். திருஅவையாக இருக்க முடியாது என்றார்.

நம்பிக்கை இல்லாத நற்குணம் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது, நாம் விழும்போது. நல்லவர் என்ற பெயரை மட்டுமே நம்பி வாழ்கிறவர், ஒருநாள் அந்தப் பெயருக்குத் தகாத ஒன்றைச் செய்துவிட்டால் எங்கே போவார்? அதை மறைப்பார், அல்லது அதற்குச் சாக்குச் சொல்வார், அல்லது உடைந்துபோவார். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், இந்தச் செல்வரின் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால், கோவிலில் வேண்டிய பரிசேயரையும் வரிதண்டுபவரையும் பற்றிய உவமை வருகிறது. பரிசேயர் வாரத்திற்கு இருமுறை நோன்பிருந்தார், பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய வேண்டுதலில் கடவுள் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வரிதண்டுபவருக்கோ இரக்கத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. கடவுளுக்கு ஏற்புடையவராகி வீடு திரும்பியவர் அவரே.

இரண்டாவது, நல்லவர்களுக்குத் துன்பம் வரும்போது. “நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்? எனக்கு ஏன் இந்த நோய்? என் பிள்ளைக்கு ஏன் இந்த நிலை?” மருத்துவமனை வராந்தாக்களில் இந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்கிறோம். நன்மை செய்தால் நன்மையே வரும் என்ற கணக்கு அங்கே தவறிப்போகிறது. அந்தக் கணக்கை மட்டுமே வைத்திருப்பவர் கையில் அதன்பின் எதுவும் மிஞ்சுவதில்லை.

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்வு திரும்பியதும் இந்த இடத்தில்தான். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் மதிப்பான பணியில் இருந்தார். சமூகத்தில் உயர்ந்த இடம், நல்ல குடும்பம், குறைவற்ற வாழ்வு. பிறகு கால்நடைகள் மடிந்தன, பொருள் இழப்புகள் தொடர்ந்தன என்று அவரது வரலாறு சொல்கிறது. மனம் சோர்ந்திருந்த அவரிடம் பேசியவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கர் அவர். டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. நேர்மையாளர் ஒருவர் அனைத்தையும் இழந்தும் கடவுளை விடாத கதை.

நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இழந்த மாடுகள் திரும்பி வரும் என்பதற்காக அவர் கிறிஸ்துவை ஏற்கவில்லை. ஏற்ற பிறகு இருந்ததையும் இழந்தார். எல்லாரும் சமம் என்று வாழ்ந்தார், பேசினார். 1749இல் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. நற்செய்தியில் வரும் செல்வர் தம் சொத்தைக் காத்துக்கொண்டு வருத்தத்தோடு போனார். தேவசகாயம் பதவியையும் உயிரையும் இழந்தும் கிறிஸ்துவை விடவில்லை.

நேயர்களே, துப்பாக்கிமுனையில் நிற்கும்படி நம்மை யாரும் அழைக்கவில்லை. ஆனால் நாமும் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நற்செயல்களை விட்டுவிட்டுச் செபத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. செயலற்ற நம்பிக்கை செத்தது என்பதைத் திருத்தூதர் யாக்கோபு நமக்குச் சொல்லியிருக்கிறார். நல்லவராக இருப்பதற்கு நாம் வேராக வைத்திருப்பது எது என்பதே கேள்வி. ஊரார் மெச்சுவது வேராக இருந்தால், மெச்சாதவருக்கு நாம் உதவ மாட்டோம். கிறிஸ்து வேராக இருந்தால், நமக்குத் தீமை செய்த சகோதரரின் வீட்டு வாசலிலும் போய் நிற்போம். சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்காருவோம்.

எனவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். ஒரு மாலையாவது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, குடும்பமாக அமர்ந்து மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை வாசிப்போம். கிறிஸ்து கேட்டால் கொடுக்க மனம் வராத அந்த ஒன்று நமக்கு எது என்று அவர் முன் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வோம். அது பணமாக இருக்கலாம், பகையாக இருக்கலாம், சாதிப் பெருமையாக இருக்கலாம், நல்லவர் என்ற பெயராகவும் இருக்கலாம். அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது, பரிசு பெற வந்த நல்லவராக நில்லாமல், பசித்த பிள்ளையாக நிற்போம். கோவிலுக்கு வராத நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய பதிலும் இதுதான்: நல்லவர்கள் என்பதால் நாம் அங்கே போவதில்லை, அவர் இல்லாமல் நம்மால் வாழ முடியாது என்பதால் போகிறோம்.

மன்றாடுவோம். அன்பு இயேசுவே, அந்த மனிதரை நோக்கியது போல எங்களையும் அன்போடு நோக்கும். எங்கள் நற்செயல்களை நாங்கள் உமக்கு முன் மதிலாகக் கட்டாதபடி காத்தருளும். வாட்டமுற்று விலகிப் போகாமல், உள்ளதை விட்டு உம் பின்னே வர எங்களுக்கு மனத்துணிவைத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.