இணைப்பு அறுந்தாலும் மோட்டார் பிழைக்க வேண்டும்

(சோமனூர் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



1930களில் பைகாரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தபின் கவலை ஓட்டிய கிணறுகளில் படிப்படியாகப் பம்புசெட்டுகள் ஏறின. ஆயினும் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஆள் கிணற்றடிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சிம் கார்டு பொருத்திய ஸ்டார்ட்டர் அந்த நடையைக் குறைத்திருக்கிறது. வீட்டிலிருந்து கைபேசியில் அழைத்து எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது.

ஆனால், நிறுத்த வேண்டிய நேரத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? போர்வெல்லில் தண்ணீர் வற்றிய பின்னும் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் கருகிவிடும். ஆகவே, இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி அல்ல, எந்த நேரமும் அறுபடலாம் என்று எண்ணியே இக்கருவியை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான முறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, சிம் தேர்வு. வீட்டில் நன்றாகக் கேட்கும் கம்பெனி மோட்டார் அறையிலும் கேட்கும் என்று சொல்ல முடியாது. கருவி 2ஜி வகையா, 4ஜி வகையா என்று முதலில் கேட்டறியுங்கள். ஜியோ 2016-இல் தொடங்கியது முதலே 2ஜி சேவை இல்லாதது. எனவே அதன் சிம் 2ஜி கருவியில் வேலை செய்யாது. கருவி 2ஜி ஆனால், உங்கள் கைபேசியின் நெட்வொர்க் அமைப்பில் ‘2ஜி மட்டும்’ என்பதை வைத்து, மோட்டார் அறையிலேயே காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் அழைத்துப் பாருங்கள். மூன்று வேளையும் தடையின்றிக் கேட்கும் சிம்மையே பொருத்துங்கள்.

இரண்டாவது, ஆன்டெனா. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் குன்றும். ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே, மோட்டார் ஒயர்களிலிருந்து விலக்கி, உயரமாக வையுங்கள். கூரை தகரமானால் கூரைக்கு மேலே கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, ரீசார்ஜ். அழைப்பு வருவதற்கு மட்டுந்தானே என்று விட்டுவிடக் கூடாது. திட்டக் காலம் முடிந்தால் வரும் அழைப்பும் நின்றுபோகும். முடியும் தேதியை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்காவது, மாற்று வழி. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் முடங்கியபோது இலட்சக்கணக்கானோர் பேச வழியின்றித் தவித்தனர். இரண்டு சிம் இடமுள்ள கருவியானால் இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். நன்றாகக் கேட்பதை முதலாவதாக வையுங்கள். ஒரே இடமானால், வேறு கம்பெனி சிம் ஒன்றைச் சோதித்துக் கையில் வைத்திருங்கள்.

ஐந்தாவது, இதுவே முக்கியம். மோட்டாரைப் போடும்போதே நிறுத்தும் நேரத்தையும் டைமரில் வையுங்கள். தண்ணீர் வற்றினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பாதுகாப்பு ஆகியவை பெட்டிக்குள்ளேயே இயங்க வேண்டும். கட்டளை சிக்னலில் வரலாம். காவல் சிக்னலை நம்பி இருக்கக் கூடாது. ‘மோட்டார் நின்றது’ என்ற பதில் வராதவரை நிற்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

இறுதியாக, உயிர் பற்றிய ஒரு வார்த்தை. மோட்டாரைப் பழுது பார்க்கவோ கிணற்றில் இறங்கவோ போகும்போது கைபேசியில் நிறுத்தினால் போதாது. தொலைவிலிருக்கும் மகன் நிலைமை தெரியாமல் அழைத்து மோட்டாரைப் போட்டுவிடலாம். ஆட்டோவில் இருந்தால் கரண்ட் வந்தவுடன் தானாகவே ஓடும். ஆகவே மெயினை அணைத்து, பியூசைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். கருவியில் வீட்டாரின் எண்களை மட்டும் பதிவு செய்யுங்கள்.

இக்கருவிக்கு அரசு மானியம் உண்டா என்பதை வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின், சிம்மைக் கழற்றிவிட்டு ஒருநாள் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். குறித்த நேரத்தில் அது தானே நின்றால் உங்கள் அமைப்பு சரியானது. அதன்பிறகு நிம்மதியாக உறங்கலாம்.