வந்தவர் காட்டிய ஊர்



விருந்தினரைப் போற்றும் முறையை வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களில் கூறியிருக்கிறார். நாமும் அதில் குறை வைப்பதில்லை. முகம் மலர்ந்து வரவேற்கிறோம். இலை நிறையப் படைக்கிறோம். போதும் போதும் என்று கை மறித்தாலும் விடுவதில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் விருந்தினர் ஒரு கேள்வி கேட்பார்: "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" அந்தக் கேள்விக்குத் தக்க விடை சொல்லத் தெரிந்த இல்லத்தார் நம்மில் எத்தனை பேர்? நான் ஒருமுறை விடை தெரியாமல் நின்றேன். அந்த அனுபவத்திலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நான் வசிக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் வெளிநாட்டுத் தம்பதியர் குடியேறினர். கணவர் பொறியாளர். ஒரு மார்கழி மாதத்தில் அவருடைய பெற்றோரும் நண்பர் இருவரும் அவர்களைக் காண வந்தனர். அவர் ஒரு குறிப்பேட்டுடன் என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் ஆசிரியர். வந்தவர்களுக்கு இங்கே எதைக் காட்டலாம்?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "இங்கே ஒன்றும் இல்லை, மாமல்லபுரத்துக்குப் போங்கள்" என்றேன்.

போனார்கள், கண்டு மகிழ்ந்தார்கள். மறுநாள் மாலை அந்த முதிய தாயார் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என்னிடம் ஒன்று கேட்டார். திரும்பும் வழியில், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் வரும் சாலையருகே, பரந்த நீர்ப்பரப்பில் இளஞ்சிவப்பு நிறப் பறவைகள் நூற்றுக்கணக்கில் நிற்கக் கண்டாராம். அது எந்த ஏரி, அவை என்ன பறவைகள் என்பது அவருடைய கேள்வி. நண்பர்களே, அந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருக்கிறேன். அவ்விடம் வந்ததும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வேன். குப்பைமேடு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்பதையும், அங்கு நின்றவை பூநாரைகள் என்பதையும் பிறகுதான் கேட்டு அறிந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களுடன் சென்றேன். அந்த அம்மையார் தம் தொலைநோக்கியை என் கையில் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல், என் ஊரை ஒரு விருந்தினரின் கண்ணாடி வழியே நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அன்று எனக்கு வேறொரு தம்பதியரின் நினைவு வந்தது. அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்பன அவர்கள் பெயர்கள். இருவரும் அயர்லாந்து நாட்டினர். கணவர் கவிஞர்; மனைவி முறையாக இசை பயின்றவர். 1903இல் மணம் புரிந்துகொண்டனர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடி மார்கரெட் அம்மையார் 1910இல் லண்டனில் சிறை சென்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் இருவரும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தனர். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணிபுரிவதற்காக ஜேம்ஸ் வந்தார். சென்னைக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் இருந்தது. அதுவே அவர்கள் வந்து சேர்ந்த இடம்.

வேலை நிலைக்கவில்லை. 1916இல் அயர்லாந்தில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களுள் கவிஞர் சிலரும் இருந்தனர். அவர்களைப் பாராட்டி ஜேம்ஸ் எழுதியதன் விளைவாகப் பத்திரிகைப் பணியை இழந்தார். வேறொருவராயின் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். கசின்ஸ் தம்பதியரோ மதனப்பள்ளியில் இருந்த பிரம்மஞானக் கல்லூரிக்குச் சென்றனர். அங்கே ஜேம்ஸ் ஆங்கிலம் கற்பித்தார்.

விருந்தினராக வந்தவர்கள் விருந்தோம்புவோராக மாறிய காட்சியை அந்தச் சிற்றூரில் காண்கிறோம். 1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பயணத்தில் களைத்திருந்த ரவீந்திரநாத் தாகூர் ஜேம்ஸின் அழைப்பை ஏற்று மதனப்பள்ளிக்கு வந்து சில நாள் தங்கினார். ஒரு மாலையில் மாணவரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் அவர் தம் வங்கப் பாடல் ஒன்றைப் பாடினார். அது 1911இல் கல்கத்தாக் காங்கிரசில் முதன்முதலாகப் பாடப்பெற்ற 'ஜன கண மன'. இசை அறிந்த மார்கரெட் அம்மையார் அதன் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதிக்கொண்டார். தாகூரும் அங்கிருந்தபடியே அப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினார். முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1950 ஜனவரி 24 அன்று அது நாட்டுப்பண் ஆயிற்று. அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் தம் வீட்டு விருந்தினரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்ததோடு நில்லாமல், அதைக் காத்து வைக்கவும் முற்பட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

மார்கரெட் அம்மையார் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்த முறையும் அத்தகையதே. சென்ற இடமெல்லாம் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டார். கேட்டதை வைத்துச் செயலில் இறங்கினார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது, அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் இவரும் முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பரில், இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சரோஜினி நாயுடுவின் தலைமையில் மாதர் தூதுக்குழு ஒன்று சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவர் மார்கரெட். 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாயா சென்னைச் சட்டசபைத் தேர்தலில் துணிந்து நின்றதும் இவருடைய தூண்டுதலால்தான். கமலாதேவி சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். எனினும் வழி திறந்தது. 1932இல் அரசின் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக மார்கரெட் அம்மையார் கைதாகி, வேலூர்ச் சிறையில் ஓராண்டுத் தண்டனை பெற்றார். லண்டனில் தம் நாட்டுப் பெண்களுக்காகச் சிறை புகுந்தவர், வேலூரில் நம் உரிமைக்காகச் சிறை புகுந்தார்.

ஜேம்ஸ் ஓவியங்களைத் தேடித் திரிந்தார். 1935இல் திருவனந்தபுரத்தில் சித்ராலயம் என்னும் ஓவியக் கூடம் அமைவதற்கு அவரே துணை நின்றார். இருவரும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1950இல் சென்னையில் வெளிவந்தது. மார்கரெட் 1954லும் ஜேம்ஸ் 1956லும் மறைந்தனர். நாற்பதாண்டுக் காலம் இந்த நாடே அவர்களுக்கு வீடாயிற்று.

வெளிநாட்டார் என்பதனால் அவர்கள் நம்மினும் உயர்ந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்கு எல்லாமே கேள்வி. பழகியவருக்கோ எதுவுமே கேள்வி இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். கேட்பவர் அறிகிறார்; அறிந்தவருக்குப் பற்று உண்டாகிறது; பற்றுடையவர் பொறுப்பை ஏற்கிறார். ஓர் ஊரில் பிறப்பதனால் மட்டும் அவ்வூர் நமக்கு உரிமையாகி விடுவதில்லை.

"இங்கே ஒன்றும் இல்லை" என்று நான் சொன்னேனே, அது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னர் ஒரு நாள் தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் சென்றபோது உணர்ந்தேன். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டியே எத்தனை செய்திகள்! தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரை விட்டு வந்து காட்டினிடையே குடியேறியது. இன்றும் அந்த வளாகத்தில் மான்களைக் காணலாம். இரண்டு நிலையங்கள் தாண்டினால் பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே செம்மண்ணிடையே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்தே தொடங்கியது எனலாம். அவர் அதே ஆண்டில் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று அண்மைக்கால ஆய்வு காட்டுகிறது. மேலும் சென்றால் பரங்கிமலை. இந்திய நிலப்பரப்பையே அளந்த பெரும் பணிக்கு, 1802இல் வில்லியம் லாம்ப்டன் அம்மலையடிவாரத்தில்தான் அடிக்கோடு இட்டார். இவையெல்லாம் ஒரு காலை நேரத்தில் சுற்றி வரக்கூடிய தொலைவில் உள்ளன. நான் பாடம் சொன்ன ஆண்டுகளில் ஒரு வகுப்பையாவது இவ்வழியே அழைத்துச் சென்றேனா? இல்லை. எகிப்தின் பிரமிடுகளைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இனிப் பள்ளிக்கரணைக்கு வருவோம். தென்சென்னையின் ஏரிகள் மழைக்காலத்தில் நிரம்பி வழியும்போது, அந்த நீரைத் தாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலை நோக்கிச் செலுத்துவது அந்தச் சதுப்பு நிலம். அதன் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. 2015 டிசம்பரில் வேளச்சேரியின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என்று பலரும் பேசினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பட்டியல் நல்லதே. ஆனால் பக்கத்துத் தெருவில் இருப்பவர் மூக்கை மூடிக்கொண்டு கடந்து போகும் வரையில், எந்தப் பட்டியலும் அதைக் காத்துவிடாது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி தருகிறேன். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ சென்று வரக்கூடிய எல்லைக்குள் விருந்தினருக்குக் காட்டத் தக்க ஐந்து இடங்களை எழுதுங்கள். ஏரியானாலும் சரி, குன்றானாலும் சரி, பழைய கல்வெட்டானாலும் சரி. ஒவ்வொன்றைப் பற்றியும் பெரியவர்களைக் கேட்டு, நூலகத்தில் படித்து, பத்து வரி எழுதுங்கள். அடுத்த விடுமுறையில் வெளியூரிலிருந்து அத்தையோ மாமாவோ வரும்போது நீங்களே முன்னின்று அழைத்துச் செல்லுங்கள்.

அந்த முதிய தாயார் ஊர் திரும்புமுன் விடைபெற வந்தார். பறவைகளின் பெயரை இப்போது நான் சரியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "அந்த நீர்நிலையைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கும் அன்று என்னிடம் விடை இல்லை. அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். "நாங்கள்" என்று சொல்லும் தகுதி உங்களுக்கு வரவேண்டும் என்பதே என் விருப்பம்.